பூவா, தலையா, பியானோவா?

தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம். டிபன் பாக்ஸை மூடிவிட்டு, பக்கத்து சீட் தம்பியின் காதில் என் ஹெட்போனை மாட்டி, செல்போனில் ஒரு பியானோ இசையைப் போட்டேன். தம்பி மூஞ்சியைச் சுளித்தார்.

''சார், பியானோ மேல பூனை ஏதாவது நடக்குதா?''

''பொறுங்க தம்பி, இன்னொண்ணு இருக்கு'' என்று இரண்டாவதைப் போட்டேன்.

''அதே பூனைதான் சார். இந்தத் தடவை குட்டியையும் கூட்டிட்டு வந்திருக்கு.''

காது நல்ல காது. இரண்டாவதில் வாசிப்பது இரண்டு பியானோ. நான் விடவில்லை. ''ஒண்ணு, காசு சுண்டிப் போட்டு எழுதினது. பூவா தலையான்னு பார்த்து ஒவ்வொரு ஸ்வரமும் வந்துது. இன்னொண்ணு, முழுக்கக் கணக்கு. ஒரு ஸ்வரம்கூட சும்மா வரலை. எது எதுன்னு சொல்லுங்க பார்ப்போம்'' என்றேன்.

தம்பி கண்ணை மூடி யோசித்தார். பிறகு பாக்கெட்டில் கையை விட்டார். ''டாஸ் போட்டுத்தான் சார் சொல்லணும்!''

சிரிக்காதீர்கள். தம்பிக்கு வந்த இந்தச் சந்தேகம் 1950களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரிய பெரிய இசைப் பண்டிதர்களுக்கும் வந்தது. எல்லாவற்றையும் கணக்குப் போட்டுத் தீர்மானித்தாலும், எதையுமே தீர்மானிக்காமல் காசு சுண்டினாலும், காதுக்கு ஒரே மாதிரி கேட்கிறது என்றால் நடுவில் இந்த இசையமைப்பாளர் என்று ஒருத்தர் எதற்கு? அவருக்கு என்ன வேலை? அவர் பெயரை எதற்காக அட்டையில் போட வேண்டும்?

கதையை வியன்னாவில் ஆரம்பிக்க வேண்டும். அங்கே 1874ல் பிறந்த ஆர்னால்ட் ஷோன்பெர்க் 1920களின் தொடக்கத்தில் ஒரு புது முறையைக் கொண்டு வந்தார். ஆர்மோனியத்தைப் பாருங்கள். ஸட்ஜமத்திலிருந்து அடுத்த ஸட்ஜமத்துக்குள் ஏழு வெள்ளைக் கட்டை, ஐந்து கறுப்புக் கட்டை, ஆக மொத்தம் 12. நம் ஊர் ராகத்தில் இந்தப் பன்னிரண்டில் சிலதுக்குத்தான் உள்ளே அனுமதி. உள்ளே வந்ததிலும் ஸட்ஜமம்தான் ராஜா. மேல்நாட்டு இசையிலும் ரொம்ப நாளாக இதே மாதிரி ஒரு ராஜாங்கம்தான்.

ஷோன்பெர்க் ராஜாவை இறக்கிவிட்டார். பன்னிரண்டு பேரும் சமம். ஒரு வரிசை போட்டுக்கொள். அந்த வரிசையில் பன்னிரண்டு பேரும் ஒரு முறை வந்து போன பிறகுதான் முதல் ஆளுக்கு மறுபடி டர்ன். ரேஷன் கடை க்யூ மாதிரி. வரிசையைத் திருப்பிப் போடலாம், தலைகீழாக்கலாம், தலைகீழாக்கித் திருப்பியும் போடலாம். எந்த ஸ்வரத்திலிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம். இப்படி ஒரே வரிசையிலிருந்து 48 உருவங்கள் கிடைக்கும்.

இதைக் கேட்டதும், ''சரிதான், மிஷினே போட்டுடும்'' என்று தோன்றும். ஆனால் அந்த முதல் வரிசையை யார் போடுவது? பன்னிரண்டு ஸ்வரங்களை 47 கோடியே 90 லட்சத்து 1,600 விதமாக வரிசைப்படுத்தலாம். (சந்தேகம் இருந்தால் 1லிருந்து 12 வரை பெருக்கிப் பாருங்கள். ஆபீஸ் நேரத்தில் வேண்டாம்.) அதில் ஒன்றை எடுக்க ஒரு ஆள் வேண்டும். எடுத்த பிறகும் எவ்வளவு நேரம், எவ்வளவு சத்தம், எந்த வாத்தியம் என்பதெல்லாம் அவர் கையில்தான். ஷோன்பெர்க் போட்ட சட்டம் ஸ்வர வரிசைக்கு மட்டும்தான்.

மிச்சத்துக்கும் சட்டம் போட்டால் என்ன என்று கேட்ட ஆள், பாரிஸில் பியர் பூலெஸ். அவருடைய வாத்தியார் ஒலிவியே மெஸியான் 1949ல் ஒரு சின்ன பியானோ உருப்படியில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அதற்கென்று நீளம், அதற்கென்று சத்தம், அதற்கென்று தட்டும் விதம் என்று ஒதுக்கிக் கொடுத்திருந்தார். சிஷ்யர் ஒரு படி மேலே போனார். 1951ல் 'ஸ்ட்ரக்சர்ஸ்' என்ற இரட்டைப் பியானோ இசையின் முதல் பகுதியை எழுதினார். ஸ்வர வரிசையைக்கூடத் தானாகப் போடவில்லை. வாத்தியாரின் உருப்படியிலிருந்தே எடுத்துக்கொண்டார். 12க்கு 12 கட்டமாக இரண்டு எண் சதுரங்கள் போட்டார். நீளம் 12 விதம், சத்தம் 12 விதம், தட்டும் விதம் 10. கட்டத்தில் என்ன எண் வருகிறதோ அதன்படி ஸ்வரம் விழும். அடுத்த வருஷம் பாரிஸில் வாத்தியாரும் சிஷ்யருமே உட்கார்ந்து வாசித்தார்கள். பகுதியின் நீளம் மூணரை நிமிஷம் சொச்சம்.

அப்போது பூலெஸுக்கு வயது 26. அந்த வயதில் நான் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரில் சிவப்பு மையைத் தவிர்ப்பது எப்படி என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன். போகட்டும். பழக்கம், ருசி, பழைய இசையின் வாசனை இவையெல்லாம் கையில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அத்தனையையும் ஒரு முறை கழுவிப் பார்க்கவேண்டும் என்பது அவர் எண்ணம். அதிலுள்ள அபாயமும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. பால் க்ளே என்ற ஓவியரின் படம் ஒன்றின் பெயரை இதற்கு வைக்கலாமா என்றுகூட யோசித்திருக்கிறார். 'விளைநிலத்தின் எல்லையில்' என்று அதற்கு அர்த்தம். இன்னும் ஒரு அடி வைத்தால் பொட்டல் காடு என்று தெரிந்துதான் அங்கே போய் நின்றிருக்கிறார்.

அதே 1951ல், அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அந்தப் பக்கம், நியூயார்க்கில் ஒரு மனிதர் காசு சுண்டிக்கொண்டிருந்தார். ஜான் கேஜ். 1912ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர்.

கேஜின் வாழ்க்கையை ஓசி டியூஷன் பரம்பரை என்று சொல்லலாம். நாஜிகள் பதவிக்கு வந்த 1933ல் யூதரான ஷோன்பெர்க் ஜெர்மனியை விட்டு அமெரிக்காவுக்கு வந்தார். லாஸ் ஏஞ்சல்ஸில் அவரிடம் கேஜ் போய் நின்றார். ஃபீஸ் கொடுக்க வசதியில்லை. இசைக்காக வாழ்க்கையைக் கொடுப்பாயா என்று கேட்டு, சரி என்றதும் பெரியவர் இலவசமாகச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் உனக்கு ஹார்மனி ஞானம் கிடையாது, ஒரு நாள் சுவரில் போய் முட்டுவாய் என்று எச்சரித்தார். அப்படியானால் ஆயுசு பூரா முட்டிக்கொண்டே இருக்கிறேன் என்றாராம் சிஷ்யர்.

அடுத்த டியூஷன் பண்டமாற்று. 1946ல் அகமதாபாத்திலிருந்து கீதா சாராபாய் என்ற பெண்மணி நியூயார்க் வந்தார். அவருக்கு கேஜ் மேல்நாட்டு இசை சொல்லிக்கொடுத்தார், இவருக்கு அவர் இந்திய இசை பற்றிச் சொல்லிக்கொடுத்தார். இசை எதற்கு என்று கேஜ் கேட்டதற்கு, மனசை அமைதியாக்கித் தெய்விகம் உள்ளே வர இடம் கொடுப்பதற்கு என்று தன் குரு சொன்னதைச் சொன்னார். ஊருக்குத் திரும்பும்போது ராமகிருஷ்ணரின் உபதேச நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதே காலத்தில் கேஜ் விழுந்து விழுந்து படித்த இன்னொருவர் நம் ஆள். ஆனந்த குமாரசாமி. 1877ல் கொழும்பில், தமிழரான ஸர் முத்து குமாரசாமிக்கும் ஓர் ஆங்கிலேய அம்மாளுக்கும் பிறந்தவர். 1917லிருந்து 1947ல் இறக்கும் வரை பாஸ்டன் மியூஸியத்தில் இருந்தார். கலையின் வேலை இயற்கையின் தோற்றத்தைக் காப்பியடிப்பது அல்ல, இயற்கை வேலை செய்யும் விதத்தைப் பின்பற்றுவது என்று அவர் மூலம் கேஜ் பிடித்துக்கொண்ட கருத்தைக் கடைசிவரை விடவில்லை. அவர் எழுத்தில் படித்த நவரசங்களை வைத்துத்தான் 1946-48ல் பியானோ கம்பிகளுக்கு நடுவே போல்ட், ஸ்க்ரூ, ரப்பரெல்லாம் சொருகி ஒரு பெரிய இசைத்தொகுப்பை எழுதினார்.

மூன்றாவது டியூஷனில்தான் காசு வருகிறது. ஃபீஸ் இல்லை, சுண்டுகிற காசு! கிறிஸ்டியன் வோல்ஃப் என்ற பதினாறு வயசுப் பையன் கேஜிடம் படிக்க வந்தான். ஷோன்பெர்க் தன்னிடம் வாங்கவில்லையே என்று கேஜும் ஃபீஸ் வாங்கவில்லை. பையனின் அப்பா புத்தகப் பதிப்பாளர். அவர் வெளியிட்ட புத்தகம் ஒன்றை 1951ல் பையன் வாத்தியாருக்குக் கொண்டு வந்து கொடுத்தான். அது 'ஈ சிங்', சீனர்களின் புராதன ஆரூட நூல். மூன்று காசைச் சேர்த்து ஆறு தடவை போட்டால் ஆறு கோடு வரும். அந்த ஆறு கோட்டுக்கு மொத்தம் 64 உருவங்கள். நம் கேள்விக்கு எந்த உருவம் பதில் என்று காசு சொல்லும்.

கேஜ் 64ஐப் பார்த்தார். எட்டுக்கு எட்டு கட்டம் போட்டார். ஸ்வரங்களுக்குச் சில அட்டவணை, நீளத்துக்குச் சில, சத்தத்துக்குச் சில, வேகத்துக்கு ஒன்று, ஒரே சமயத்தில் எத்தனை அடுக்கு என்பதற்கு ஒன்று. பிறகு காசைப் போட ஆரம்பித்தார். ஒரே ஒரு கட்டத்தைக் கண்டுபிடிக்கவே காசு பதினெட்டுத் தடவை விழவேண்டும். அதன் பிறகுதான் நீளம். அதற்கும் பதினெட்டு. சத்தத்துக்குப் பதினெட்டு. இப்படியே போய் முக்கால் மணி நேரம் ஓடும் 'ம்யூஸிக் ஆஃப் சேஞ்சஸ்' என்ற பியானோ இசை அந்த வருஷமே முடிந்தது. 1952 ஜனவரி 1 அன்று நியூயார்க்கில் டேவிட் ட்யூடர் முழுதாக வாசித்தார்.

சோம்பேறித்தனம் என்று சொல்பவர்கள் கொஞ்சம் வீட்டில் காசைப் போட்டுப் பாருங்கள். பேசாமல் மனசுக்குத் தோன்றியதை எழுதிவிட்டுக் காபி குடிக்கப் போயிருக்கலாம்! அதே 1952ல் இதே வழியில் டேப்பைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி ஒரு படைப்பு செய்தார். நாலு நிமிஷம் சொச்சம் ஓடும். வெட்டி ஒட்டப் பல மாதம், நண்பர்களின் கையும் சேர்ந்து.

இங்கேதான் தம்பியிடம் ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னேன். காசு தேர்ந்தெடுத்தது கட்டத்தை மட்டும்தான். கட்டத்துக்குள் இருந்த ஸ்வரங்கள், ஸ்வரக் கொத்துகள் எல்லாம் கேஜ் தன் கையால் எழுதி வைத்தவை. ஸ்வர அட்டவணையின் 64 கட்டத்தில் 32ஐ மௌனத்துக்கு விட்டதும் அவர்தான். பாதிக்குப் பாதி மௌனம் என்று எந்தக் காசும் சொல்லவில்லை. 'நான் தீர்மானங்களை விட்டுவிட்டேன், இப்போது கேள்வி மட்டும்தான் கேட்கிறேன்' என்ற பொருளில் கேஜ் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். கேள்வி கேட்பது சின்ன வேலையா? பரீட்சை எழுதினவர்களைக் கேளுங்கள். இன்னொரு விரதமும் வைத்திருந்தார். காசு சொன்ன பதில் பிடிக்கவில்லை என்பதற்காக மறுபடி சுண்டக்கூடாது. பதிலை மாற்றாதே, முடிந்தால் நீ மாறு.

பூலெஸ் பக்கமும் இதே கதைதான். 1956ல் ஹங்கேரியிலிருந்து தப்பி வந்த ஜார்ஜ் லிகெட்டி என்ற இசையமைப்பாளர், பூலெஸின் அந்த மூணரை நிமிஷத்தைப் பிரித்து மேய்ந்து 1958ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வண்டிக்கு மூடியைத் திறந்து பார்க்கும் மெக்கானிக் மாதிரி, எது தானாக ஓடுகிறது, எது ஆள் எடுத்த முடிவு என்று பிரித்துக் காட்டினார். எதை எல்லாம் வரிசைக்குள் கொண்டு வருவது என்று முடிவு செய்தது ஆள். சதுரத்தை எந்தப் பக்கமிருந்து படிப்பது, ஒரே சமயத்தில் எத்தனை வரிசையை ஓடவிடுவது, ஸ்வரம் மேல் ஸ்தாயியிலா கீழ் ஸ்தாயியிலா என்பதும் ஆள். நடுவில் ஓடுவதுதான் மிஷின். சுவிட்சைப் போட்டவர் பூலெஸ்!

சமுத்திரத்துக்கு இரண்டு பக்கமும் இருந்த இந்த இருவரும் நண்பர்கள் என்பது இன்னும் வேடிக்கை. 1949ல் பாரிஸில் சந்தித்தார்கள். பிறகு சில வருஷம் பக்கம் பக்கமாகக் கடிதம். தன் அட்டவணைகளை இவர் எழுத, தன் சதுரங்களை அவர் எழுத, ஒரே ஆபீஸில் இரண்டு செக்ஷன் மாதிரி. கடைசியில் காசு விஷயத்தில் மனஸ்தாபம். 1957ல் பூலெஸ் ஒரு கட்டுரை எழுதி, தற்செயலிடம் சரணாகதி அடைவது கைத்திறமையின் பலவீனம் என்று கடிந்துகொண்டார். ஆனால் அந்தச் சமயத்திலேயே தன் மூன்றாவது பியானோ ஸொனாட்டாவில் எந்தப் பாதையில் போவது என்று வாசிப்பவரே தேர்ந்தெடுக்கட்டும் என்று கொஞ்சம் கதவைத் திறந்தும் வைத்தார். வாசல் வரை வரலாம், அடுக்களைக்குள் வரக்கூடாது என்கிற மாதிரி.

கேஜ் தன்னையும் விட்டுவைக்கவில்லை. 1958ல் ஜெர்மனியில் பேசும்போது தன் 'ம்யூஸிக் ஆஃப் சேஞ்சஸ்' மேலேயே குற்றப்பத்திரிகை வாசித்தார். காசு சுண்டி எழுதியதென்னவோ சரி. ஆனால் எழுதி முடித்த பிறகு வாசிப்பவருக்கு ஒரு துளி சுதந்திரம் உண்டா? பிளானைப் பார்த்துக் கட்டடம் கட்டும் கான்ட்ராக்டர் மாதிரி அவர் ஆகிவிட்டாரே என்று நொந்துகொண்டார். அதற்குப் பிறகு வாசிப்பவருக்கு நிறைய இடம் விட்டு எழுதினார்.

இடம் விட்டால் என்ன ஆகும்? 1964ல் நியூயார்க் ஃபில்ஹார்மானிக் இசைக்குழு கேஜின் படைப்பு ஒன்றை வாசித்தது. வான்வரைபடத்தில் நட்சத்திரம் இருக்கும் இடங்களைப் பார்த்து எழுதிய இசை. வாத்தியக்காரர்களில் சிலர், 'எப்படியும் வாசிக்கலாம் என்றால் எதையும் வாசிக்கலாம்' என்று எடுத்துக்கொண்டார்கள். வாத்தியத்தில் பொருத்தியிருந்த மைக்குகளுக்குள் சீட்டியடித்தார்கள், பாடினார்கள். கேஜ் மனம் நொந்துபோனார். தற்செயல் வேறு, தறுதலைத்தனம் வேறு. அவர் விட்டுக்கொடுத்தது தன் விருப்பு வெறுப்பை. அவர்கள் அந்த இடத்தில் தங்கள் விருப்பு வெறுப்பைக் கொண்டு வந்து உட்கார வைத்தார்கள்.

எங்கே காசு சுண்டக்கூடாது என்பதும் அவருக்குத் தெரியும். கேஜ் காளான் நிபுணர். 1959ல் இத்தாலி டி.வி.யின் வினாடிவினாவில் காளான் பற்றி அத்தனை கேள்விக்கும் பதில் சொல்லி ஐம்பது லட்சம் லிரா ஜெயித்தார். (இசை அவ்வளவு கொடுத்ததில்லை.) காளான் விஷயத்தில் தற்செயலை நம்பினால் சீக்கிரமே செத்துப்போவேன் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இதையெல்லாம் கேட்ட தம்பி, ''அப்ப என்ன சார் சொல்ல வர்றீங்க? காசு சுண்டினாலும் பொறுப்பு அந்த ஆளுக்குத்தானா?'' என்றார்.

''அவருக்கேதான் தம்பி. கட்டம் போட்டது யாரு?'' என்று பெருமையாகச் சொல்லிவிட்டு சீட்டுக்குப் போனேன். நாக்கில் சனி.

அடுத்த வாரம் தீபாவளி டியூட்டி பிரச்னை வந்தது. எங்கள் ஆபீஸ் பண்டிகைக்கும் மூடாத ரகம். செக்ஷனில் ஏழு பேர், இரண்டு பேர் கட்டாயம் வரவேண்டும். ஆளாளுக்கு ஒரு காரணம். செக்ஷன் இன்சார்ஜ் நான். யாரிடமும் கெட்ட பெயர் வாங்காமலிருக்க, சீட்டு எழுதி எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கினேன். முதல் சீட்டு யாரோ. இரண்டாவது, தம்பி.

ஆவணியில்தான் கல்யாணம் ஆனது. தலை தீபாவளி. மாமனார் ஊரில் மோதிரம் காத்திருக்கிறது.

''நான் என்ன தம்பி பண்றது? சீட்டு சொல்லிடுச்சு'' என்றேன்.

தம்பி கோபப்படவில்லை. டம்ளரை மேஜையில் கவிழ்த்து மிச்சச் சீட்டுகளைப் பிரித்து வரிசையாக வைத்தார். ''சார், சீட்டு சொன்னது சரி. சீட்டுல என்னென்ன எழுதணும்னு சொன்னது யாரு?''

மேஜையில் நாலு சீட்டு. வெளியே எடுத்தது இரண்டு. ஆக ஆறு. ஆட்கள் ஏழு.

இன்சார்ஜ் பெயரை யாராவது எழுதுவார்களா என்று சட்டம் பேசியிருக்கலாம். ஆனால் நான் ரயிலில் ரிசர்வ் செய்து இரண்டு மாதமாகியிருந்தது என்பது செக்ஷனுக்கே தெரியும். ஏழு சீட்டாக எழுதி மறுபடி குலுக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பதில் பிடிக்கவில்லை என்றால் சகித்துக்கொள்ளலாம். கேள்வியே கோணல் என்றால் கேட்டவன்தான் எழுந்திருக்க வேண்டும். தம்பியின் சீட்டை வாங்கி, அவர் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். டிக்கெட் கேன்சலில் போன பணம் போகட்டும். அன்று இரவு வீட்டில் நடந்ததை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது.

தீபாவளியன்று ஆபீஸில் மின்விசிறியும் நானும் இன்னொருவரும். கேஜின் மிகப் பிரபலமான படைப்பு ஞாபகம் வந்தது. 1952 ஆகஸ்ட் 29 அன்று உட்ஸ்டாக் பக்கம் ஒரு மண்டபத்தில் டேவிட் ட்யூடர் பியானோ முன்னால் உட்கார்ந்து, 4 நிமிஷம் 33 நொடி ஒரு கட்டையைக்கூடத் தொடவில்லை. காற்று, கூரையில் மழை, எழுந்து போகிறவர்களின் முணுமுணுப்பு, இதுதான் இசை. மூன்று பகுதிகள். எந்தப் பகுதி எத்தனை நொடி என்பதைத் தற்செயல் முறையில்தான் கணக்கிட்டார். ஆனால் அந்த நேரத்தில் கேள் என்று சொன்னது அவர்.

வாட்சைப் பார்த்துக்கொண்டு நானும் ஆரம்பித்தேன். தெருமுனையில் ஆயிரம்வாலா. எங்கோ ஒரு ராக்கெட், வெடிக்காமல் ஏமாற்றியது. ஒரு குழந்தையின் வீறல், ஒரு அம்மாவின் அதட்டல். மூன்றாவது நிமிஷத்தில் செல்போன் கிணுங்கியது. தம்பி போட்டோ அனுப்பியிருந்தார். விரலில் மோதிரம்.

மிச்சம் ஒன்றரை நிமிஷத்தையும் ஒழுங்காகக் கேட்டு முடித்தேன்.